இடதுகை முடிச்சு

கடல் மூன்று ஆள் உயரம் கீழே இறங்கும் நாள் பார்த்துக்
கூடினோம். பதினொரு பேர், இரண்டு நாய்கள்.
மழையும்தான். எங்கள் சிலோயேத் தீவில்
கூப்பிடாமலே வரும் பன்னிரண்டாம் ஆள் அது.

எனக்குக் குனிய முடியாத முழங்கால்.
ஆகவே பென்சிலும் பட்டியலும் என் கையில்.

தெர்மாகோல்: நூற்று நாற்பது துண்டு வரை எண்ணினேன்.
பிறகு அது உதிரத் தொடங்கியது.
பாறையிடுக்கில், நண்டு வளையில்,
பாசியின் தலைமயிரில் சிக்கிய வெள்ளைப் பொடி.
பொடியை எப்படி எண்ண?
'நிறைய' என்று எழுதிவிட்டேன்.
மேலே கேட்டால் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

தீவனச் சாக்கு, பத்தொன்பது.
ரப்பர் கையுறை, முப்பத்திரண்டு;
எல்லாம் வலது கை.
இடது கைகள் எந்தக் கரையில் ஒதுங்கினவோ,
அங்கே யார் எண்ணுகிறார்களோ.

ஓர்ஃபெலினா ஒரு மிதவையை
அடம்பிடிக்கும் கன்றுக்குட்டி மாதிரி இழுத்துவந்தாள்.
அது நகரவில்லை. திட்டினாள்.
திட்டியதும் நகர்ந்தது.
சிரித்த எலியாசருக்கும்
அதில் ஒரு பங்கு கிடைத்தது.

நொல்பெர்த்தோ மட்டும் பேசவில்லை.
எதிர்க்கரை சால்மன் பண்ணையில் பன்னிரண்டு வருடமாகக்
கூண்டு கட்டுகிற வேலை.
வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் அவருடையது.
அதையும் கொண்டுவந்து இங்கே கொடுக்கிறார்,
கம்பெனி பூட்ஸ் போட்டுக்கொண்டு.
ஏன் வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு
வீட்டில் சும்மா இருந்தால்
கூரை ஒழுகுவது காதில் விழுகிறது என்றார்.

மணலில் பாதி புதைந்த நீலக் கயிறு.
நான்கு பேர் இழுத்தார்கள், வரவில்லை.
தோண்டத் தோண்டப் போய்க்கொண்டே இருந்தது,
கரையைக் கடலோடு யாரோ சேர்த்துத் தைத்ததுபோல.
ஒருவழியாக முனை வெளியே வந்தபோது
அதில் ஒரு முடிச்சு.

நொல்பெர்த்தோ கையுறையைக் கழற்றினார்.
தூங்கும் பிள்ளையின் நெற்றியில்
சூடு பார்ப்பதுபோல் விரல் வைத்துப் பார்த்தார்.
இரண்டு சுற்று, அடியில் ஒரு நுழைப்பு,
கடைசி இழுப்பு இடப்பக்கமாக.

"பண்ணையில் இடதுகைக்காரன் நான் ஒருவன்தான்" என்றார்.

கடல் என்ன செய்யும், பாவம்.
ஒரு மனிதன் ஒழுங்காகக் கட்டியதை
அவிழ்க்கத் தெரியாமல்
அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறது.

யாரும் வாய் திறக்கவில்லை.
என் மகனின் படிப்பு அந்தப் பண்ணைச் சம்பளம்.
ஓர்ஃபெலினாவின் புதுத் தகரம் அந்தப் பண்ணைச் சம்பளம்.
இன்று எங்களை ஏற்றிவந்த படகின் டீசல்?
அதையும் நான் கேட்கவில்லை.

எலியாசர் கத்தியை நீட்டினான்.
வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.
ஈரப் பாறை, உப்பு ஊறி இறுகிய கயிறு,
குளிரில் விறைத்த பத்து விரல்.
நீர் ஏற ஒன்றரை மணி நேரம் இருந்தது;
இருபது நிமிடத்தை அந்த முடிச்சு தின்றது.
நாங்கள் சுற்றி நின்று உருளைக்கிழங்கு ரொட்டி தின்றோம்.
நாய்களும் தின்றன.

அவிழ்ந்த பிறகும் கயிறு நேராகவில்லை.
அந்த இடத்தில் மட்டும் நெளிந்தே கிடந்தது.

கயிறு, நீலம், அறுபது மீட்டர்.
'எங்கிருந்து வந்தது' என்றொரு கட்டம் உண்டு பட்டியலில்.
'தெரியவில்லை' என்றே இத்தனை வருடம் நிரப்பியிருக்கிறேன்.
இம்முறை பென்சிலை அவரிடம் நீட்டினேன்.

காகிதத்தில் மழை விழாமல்
வலது கையைக் கூரையாக்கிக்கொண்டு எழுதினார்:
கூண்டு பதினேழு. ஜூலைப் புயல்.
கட்டியவன் நொல்பெர்த்தோ நவெல்கின்.
கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் வழிந்தது எழுத்து.

தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.
மொத்தம் நாற்பத்தொரு மூட்டை. படகு கொள்ளவில்லை.
ஆறு மூட்டையை மேட்டில் அர்ராயான் மரத்தோடு
கட்டிவைத்துவிட்டு வந்தோம், அடுத்த ஞாயிறு வரை.

கட்டியது அவர்தான்.