அண்ணிக்கு மூட்டுவலி

முதல் பஸ்ஸைச் செய்து முடித்த இரவு
படம் எடுத்துக் குழுவில் போட்டேன்.
கையுறை வந்த அட்டைப்பெட்டியில் உடம்பு,
ஊசிமூடி இரண்டு முகப்பு விளக்கு,
முன்கண்ணாடிக்கு
வாங்கிப்போக ஆள் வராத ஓர் எக்ஸ்ரே.
வெயிலில் பிடித்தால்
ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே
யாருடைய விலா எலும்போ தெரியும்.

காலையில் லேபில் வந்து பார்த்தால்
'அருமைண்ணே' என்று எழுதியிருந்தார் டயர்மணி.
அண்ணன் இல்லைங்க என்று தட்டத் தொடங்கினேன்.
வெறும்வயிற்றுச் சர்க்கரைக்கு ஒருவர்
சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார்.
ரத்தம் எடுத்து, பஞ்சு வைத்து, திரும்புவதற்குள்
பதினேழு அண்ணே.

விட்டுவிட்டேன்.
காளவாசல் லேபில் நான் முத்துப்பேச்சி,
வலிக்காம எடுக்கிற பொண்ணு.
குழுவில் என் பெயர் கடைசிசீட்டு.
ரெண்டு வருஷம் அண்ணனாக இருந்தேன்.
சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலை அது.
பசை காயும் நேரம் இவ்வளவு என்று நான் சொன்னால்
அதையே திருப்பி எனக்கு
யாரும் விளக்கவில்லை.

ஒரு முழுச் சாயங்காலம் செலவழித்து
பின்சீட்டைக் கிழித்தேன், பஞ்சு பிதுங்க.
கூரையில் குண்டூசியால் ஓர் ஓட்டை,
மழைக்கு ஒழுகணும் இல்லையா.
பிரேக் பிடிக்குமாண்ணே என்றது நள்ளிரவுநரி.
'அசல்ல பிடிக்கிற அளவுக்குப் பிடிக்கும் தம்பி.'
சிரித்தவர்கள் நாற்பத்தொரு பேர்.
அதே ஜோக்கை வீட்டில் சொன்னேன்.
பிரேக் பிடிக்காட்டி இறங்கிக்க வேண்டியதுதானே
என்றாள் அம்மா, வெங்காயத்தை விட்டுத் தலை தூக்காமல்.

சிக்கல் கல்யாணப் பத்திரிகையில் வந்தது.
தக்காளித்தொக்கு வீட்டில் தங்கைக்குக் கல்யாணம்,
'அண்ணியோட கட்டாயம் வரணும்.'
அண்ணிக்கு மூட்டுவலி என்று எழுதினேன்.
ஒரே ஒரு வரி.
பிரண்டைத் துவையல் சொன்னார் ஒருவர்,
முடக்கத்தான் தோசை இன்னொருவர்,
உசிலம்பட்டிப் பக்கம் எண்ணெய் போட்டுக் கட்டுகிறவர் நம்பரை
மூன்று பேர் தனித்தனியாக அனுப்பினார்கள்.
தீபாவளிக்குள் அண்ணி மாடிப்படி ஏறினாள்.
பொங்கலுக்கு வலது கால் தேவலை.
மாசியில் எல்லோரும் நேரில் சந்திப்பதாகப் பேச்சு வர
பாத்ரூமில் வழுக்கி விழவைத்தேன், பாவம்.

சித்திரையில் மறுபடி கூப்பிட்டார்கள்.
இனி ஒருமுறை விழ
அவள் உடம்பில் தெம்பில்லை.
பஸ்ஸைக் கட்டைப்பையில் வைத்து
மேலே துப்பட்டா மூடிக் கிளம்பினேன்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடை.
பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பருத்திப்பால் சொன்னேன்.
டயர்மணி ஜெபராஜாம், மூக்குக்கண்ணாடி விற்கிறவர், தீக்குச்சி ஒல்லி.
தக்காளித்தொக்கு குபேந்திரன், சாயக்கடையில் கணக்கு எழுதி
விரல்நகம் வரைக்கும் ஊதா.
நாங்களெல்லாம் பயந்து பயந்து சார் போட்ட
எஞ்சின்அய்யா
ஒன்பதாம் வகுப்பு ரகீப்.
ரோட்டோரம் வண்டியில் அவன் அம்மா காவல்.

'கடைசிசீட்டு அண்ணன் ரிட்டையர்டு கண்டக்டர், அடிச்சுச் சொல்றேன்.'
'இல்ல, செக்கிங்.'
'நல்லா தொப்பை இருக்கும்.'
'வழுக்கை' என்றான் ரகீப், அளந்து பார்த்தவன் மாதிரி.

எழுந்துபோய்
தம்ளர்களுக்கு நடுவில் பஸ்ஸை நிறுத்தினேன்.
வெயில் முன்கண்ணாடிக்குள் புகுந்து
மேசைமேல் விலா எலும்பு விழுந்தது.
யாரும் பேசவில்லை.
எதிரே ஒரு நிஜ பஸ் ஹாரன் அடித்தது.
பையன் எலும்பை எண்ணிக்கொண்டிருந்தான்.

'அண்ணே' என்ற ஜெபராஜ்
நடுவில் மாட்டிக்கொண்டார்.
'அக்கா... அக்காண்ணே,
இன்னொரு பருத்திப்பால் சொல்லட்டா?'

குபேந்திரன் மட்டும் இன்னும் தேறவில்லை.
தம்ளர் பாதி தூரத்தில் நின்றது,
முகத்தில் அசல் கவலை.
'அப்ப அண்ணிக்கு?
எங்கம்மா பாண்டிகோயிலுக்கு நேர்ந்துருக்காங்களே!'

நேர்ந்ததைச் செலுத்தச் சொல்லுங்க, என்றேன்.
காளவாசல்லருந்து
நடந்தே வந்துட்டா.