நாற்பது விழுக்காடு

சுருட்டுப் பெட்டி, மூன்று கம்பி,
ஆஷ் மரத்தில் ஒரு கழுத்து.
நூற்றிப்பத்து யூரோ என்று எழுதிய அட்டை
பறக்காமலிருக்க ஒரு கூழாங்கல்.

ஹுசும் துறைமுகத்தில் அக்டோபர் சந்தை.
இடப்பக்கம் தேன், வலப்பக்கம் கம்பளிச் செருப்பு.
தேன் சுருதி விலகாது.
செருப்புக்காரரிடம் யாரும்
'ஒன்று வாசித்துக் காட்டுங்கள்' என்பதில்லை.
எனக்கோ, கடற்காற்றில் பத்து நிமிடத்துக்கொருமுறை
கம்பி இறங்கும். முடுக்குவேன். இறங்கும்.

எனக்கு வாசிக்கத் தெரியாது.
இதை வெளியே சொல்லக் கூடாதென்று மகன் சொல்லியிருக்கிறான்.
நான்கு சுரம் பழகி வைத்திருக்கிறேன்,
அதையே முன்னும் பின்னுமாக,
நிற்பவர் நகரும்வரை.

'உங்கள் நாட்டு வாத்தியமா?'
முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.
பெட்டி ஏதோ தீவிலிருந்து புகையிலையோடு வந்தது,
மரம் ஃப்ளென்ஸ்பூர்க் மரக்கடையின் கழிவு,
கம்பி தபாலில்.
என் நாடு இதில் எங்கே இருக்கிறதென்று
நானும்தான் தேடுகிறேன்.
ஒருமுறை அலுத்துப்போய் 'ஆமாம்' என்றேன்.
உடனே விற்றது.
அந்த நூற்றிப்பத்தை மட்டும் தனியே மடித்து வைத்திருந்தேன்,
மின்சாரக் கட்டணம் வரும்வரை.

ஒருவர் சமையலறைச் சுவரில் மாட்ட வாங்கினார்,
பேரம் பேசாமல்.
ஒரு பையன் கால்மணி நேரம் வாசித்தான்.
செருப்புக்காரர்கூட எழுந்து வந்தார்.
பிறகு சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு
இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே
திருப்பி வைத்துவிட்டுப் போனான்.

மிஞ்சியதில் ஒன்றைப் பின்சந்தில்
ஹின்ரிக்சன் அம்மாள் கடையில் வைத்தேன்.
சோப்பு, மெழுகுவர்த்தி, கலங்கரை விளக்கம் போட்ட கோப்பைகள்.
விற்றால் அவருக்கு நாற்பது விழுக்காடு.
கோடு போட்ட குறிப்பேட்டில் கையெழுத்தானது.

நவம்பரில், 'இன்னும் இல்லை.'
ஜனவரியில், 'இந்தப் பனியில் யார் வருவார்?'
மார்ச்சில் தொலைபேசியை எடுக்கவில்லை.
மே மாதம் நானே பேருந்து ஏறினேன்,
எடுத்து வந்துவிடுவதென்று.
சுற்றிக் கொண்டுவர ஒரு பழைய துண்டும் பையில்.

கதவைத் தள்ளினேன், மணி அடிக்கவில்லை.
அதன் நாக்கில் துணி சுற்றியிருந்தது.
கடையில் ஆளில்லை.
பின்னறையிலிருந்து ஏதோ பாட்டு,
ஒரே இடத்தில் தடுக்கித் தடுக்கி
மறுபடி முதலிலிருந்து.
என் நான்கு சுரங்களும் அதில் இருந்தன.
நான் ஒருநாளும் திரும்பாத பக்கம் திரும்பி
ஐந்தாவதற்குப் போய்க்கொண்டிருந்தன.

என்னைக் கண்டு, கல்லாவில் கைவைத்தவர்போல எழுந்தார்.
விலைச்சீட்டு அப்படியே தொங்கியது,
எழுத்து உட்பக்கம் திரும்பி.
மூன்றாம் மெட்டருகே மரம் விரல்பட்டுக் கறுத்திருந்தது.
அறுந்த நடுக்கம்பியை
முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்.

'செவ்வாய்க்கிழமைகளில் யாரும் வருவதில்லை' என்றார்.
கொஞ்சம் கழித்து, 'புதனும்.'
'வியாழனும்தான்.'

வாங்கிக்கொள்ளுங்களேன் என்று வாயெடுத்தேன்.
'வீட்டில் எனக்கு நேரம் கிடையாது' என்றார்,
நான் கேட்பதற்கு முன்பே.

துண்டுக்கு அடியில் மாற்றுக் கம்பி ஒன்று கிடந்தது.
கல்லா மேஜைமேல் வைத்தே மாட்டினேன்.
முறுக்க முறுக்க அவர்தான் தலையசைத்தார்:
இன்னும், இன்னும் கொஞ்சம், போதும்.
என் காதைவிட நல்ல காது.

புறப்படும்போது கூப்பிட்டு
குறிப்பேட்டைத் திறந்தார். எழுதினார்:
கம்பி, ஒன்று, மூன்று யூரோ.
நாற்பது விழுக்காடு கழித்து
ஒரு யூரோ எண்பது செண்டை
சில்லறையாக எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார்.
பிறகு, போகும்போது
கதவை மெதுவாகச் சாத்தச் சொன்னார்.