பதினாறரை அடி

கார் இல்லாத கார்ஷெட், முத்தியால்பேட்டையில்.
நீளம் பதினாறரை அடி. அகலம் பத்தே முக்கால்.
உயரம் ஒன்பதுக்கு ஒரு விரற்கடை குறைவு.
என் தையல் டேப் ஐந்தடிதான்.
ஜூலியன் சுவரில் பென்சில் கோடு போட்டுப் போட்டு
ஸ்டூலில் ஏறினார்.

கத்தாரில் ஒன்பது வருஷம்
கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வண்டிக்குப்
பிளேடு தீட்டியவர்.
பதினெட்டுக் குழியும் மனப்பாடம்,
எந்தக் குழியருகே புல் எந்தப் பக்கம் சாயும் என்பது வரை.
ஒரு பந்தை அடித்ததில்லை.
அடிக்கக் கூடாதென்று போர்டு ஏதும் வைக்கவில்லை அங்கே.
தேவைப்படவில்லை.

முதலில், பந்தை யார் பார்ப்பது?
ரேடார் என்றால் பந்துக்குப் பின்னால் எட்டடி,
பறக்க முன்னால் எட்டடி.
மிச்சம் அரையடி.
கேமரா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும்.
இடம் கேட்காது, காசு கேட்கும்.

சென்னையில் பழசாக ஒன்று கிடைத்தது.
அதன் மென்பொருள் எங்கள் லேப்டாப்பைப் பார்த்து
உதட்டைப் பிதுக்கியது: கிராபிக்ஸ் கார்டு போதாதாம்.
டேப்லெட்டில் ஓடும்.
டேப்லெட்டுக்கும் புரொஜெக்டருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.
அந்தப் புரொஜெக்டரோ
ஏதோ கல்யாண மண்டபத்தில் உழைத்துவிட்டுக்
காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தைக்கு வந்தது.
பன்னிரண்டடி தள்ளி வைத்தால்தான் படம் நிறையும்.
தள்ளி வைத்தால்
அடிப்பவர் தலை கறுப்பாக மைதானத்தில் விழும்.
"ஷார்ட் த்ரோ இருக்கா?" என்றோம்.
கடைக்காரர் குட்டையான ஸ்டாண்டு ஒன்றை
எடுத்துக் காட்டினார்.

ஜாதகத்தில் பத்துக்கு ஏழு சேர்ந்தால்
தட்டு மாற்றிக்கொள்கிறார்கள்.
எனக்கு ஒன்பது சேர்ந்து ஒரு கேபிள் கோணியது,
மூன்று வாரம் திரை கறுப்பு.
நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டே இருந்தேன்.
எதனோடு எது பேசும், எது பேசாது,
எது பேசும் ஆனால் வருஷச் சந்தா கட்டினால்.
உப்புக்காற்றுக்கும் ஒரு கட்டம் போட்டேன்.
எந்த உத்தரவாதச் சீட்டிலும் அதற்குப் பதில் இல்லை.

அடிதாங்கும் திரை மட்டும் என் வேலை.
கொசக்கடைத் தெருவில் எடுத்த வெள்ளைக் கித்தான்,
மூன்று மடிப்பு, இரட்டைத் தையல்.
ஃபேனைக் கழற்றினோம்.
அந்த இரவு வியர்த்து ஒழுகியபடி
ஜூலியன் முதல் பந்தை அடித்தார்.
நூற்றுப் பன்னிரண்டு கஜம் என்றது திரை.
அவர் எண்ணைப் பார்க்கவில்லை.
கிட்டே போய், "புல்லு எல்லாம் ஒரே பக்கம் சாயுது.
இப்படி இருக்காது" என்றார்.

நாற்பது பந்துக்கப்புறம், "நீ ஒண்ணு அடி."

சாக்கில் மட்டைகள், எடைக்கு வாங்கியவை.
ஒன்று தப்பாக வந்திருக்கு என்று
அவர் கழித்து மூலையில் சாத்தியிருந்தார்.
அதைத்தான் என் கை எடுத்தது.
தப்பில்லை அது, பீச்சாங்கைக்காரருடையது.
எந்த ஊர்க்காரரோ, எந்தக் கப்பலில் வந்ததோ.
இருபது வருஷம் சோத்துக்கைக்கு வளைந்த
கத்தரிக்கோலால் ஜாக்கெட் வெட்டியவள் நான்.
என் கட்டத்தில் என்னையே விட்டிருந்தேன்.

நான் நிற்க வேண்டிய இடத்தில்
கேமரா உட்கார்ந்திருந்தது.

ஜூலியன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் பிளக்கைப் பிடுங்கி
எதிர்ப்பக்கம் கொண்டுபோனார்.
கேபிள் ஓரடி போதவில்லை.
மேசையை இழுத்தோம். லேப்டாப் மாதிரி ஒன்று,
தம்பி ரொசாரியோவிடம் கடன், அது முனகியது.
மறுபடி அளவெடுக்க ஏழு நிமிடம் ஆகுமாம்.

இப்போதெல்லாம் ஆள் மாறும்போது ஏழு நிமிடம்.
இருவரும் தரையில், ஃபேன் இல்லாத கூரைக்குக் கீழே.
நேற்று அவர் பதினோராவது குழியைப் பற்றிச் சொன்னார்.
அங்கே ஒரு மணல் பள்ளம், அதில் ஒரு பூனை குட்டி போட்டதாம்.
எத்தனை குட்டி என்று கேட்பதற்குள்
பச்சை விளக்கு எரிந்துவிட்டது.