சொந்தச் சரக்கு

பிரைடி,
நீ கேட்ட பட்டியலை
மின்கட்டண ரசீதின் முதுகில் எழுதுகிறேன்.
ஒரு கை எழுத, மறு கையில் ரேவி தூங்குகிறான்.
எழுத்து கோணினால்
அவனிடம் கேட்டுக்கொள்.

தள்ளுவண்டி வாங்காதே.
ஓப்போட்டிகியில் நடைபாதை போட்டவர்கள்
சக்கரம் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை.

கம்பளிக் கால்சட்டை கட்டாயம் வாங்கு.
பின்னுபவர் டெஸ்மண்ட். பால் டேங்கர் ஓட்டுகிறாரே, அவர்தான்.
பண்ணைத் தொட்டியிலிருந்து வண்டிக்குப் பால் ஏறும் நேரம்
படியில் உட்கார்ந்து ஊசியை எடுப்பார்.
"சிகரெட்டை விட்டாச்சு, கைக்கு ஏதாவது வேண்டுமே" என்பார்.
ஆட்டின் எண்ணெய் போகாத நூல்.
உள்ளே வெள்ளமே வந்தாலும் படுக்கை காய்ந்திருக்கும்.
வெந்நீரில் மட்டும் போடாதே.
நான் போட்டேன்.
இப்போது அது உப்புக் குடுவைக்குச் சட்டை.
டெஸ்மண்டுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

கவாகவாத் தைலம்,
சனிக்கிழமை, சர்ச் தெரு, மெரியானாவின் மேசை.
ஓட்டை விழுந்த இலையாகப் பார்த்துத்தான் பறிப்பாள்.
புழுவுக்கு ருசித்த இலையில்தான் மருந்து என்பாள்.
ரேவியின் அரையில் சிவந்ததற்கு வாங்கினேன்,
பாதி டப்பா எனக்கே செலவானது.
அவன் பசியோடு கவ்விய இடம்
எப்படி வெடித்திருந்தது என்று
பிரசவத்துக்கு முன் யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.
பால் கொடுக்குமுன் துடைத்துவிடு, அவ்வளவுதான்.

ஃபெலிசிட்டியின் ஓட்ஸ் பிஸ்கட்
பால் ஊறும் என்று எழுதி விற்கிறாள்.
ஊறியதா, தெரியாது.
ஹோஹேப்பா வேலையிலிருந்து வருமுன்
ஒரு பொட்டலத்தையும் நின்றபடியே தின்று முடித்தேன்.
அன்றைக்குத்தான் முதன்முதலாக அழவில்லை.

அப்புறம் கூடை.
அது விலைக்கு இல்லை.
என் கொழுந்தன் ஹெமி, சிப்பிப் படகில் கயிறு இழுத்துக்
கீறல் விழுந்த கைகளோடு வந்து
ஹாரகேக்கே அறுப்பான்.
நடுக்குருத்து குழந்தையாம்,
அதை ஒட்டி நிற்கும் இரண்டு தாள்கள் அம்மா, அப்பா.
மூன்றையும் தொடமாட்டான்,
வெளித்தாள்கள் மட்டும்.
எங்கள் கட்டிலில் கூடை, கூடைக்குள் ரேவி,
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஹோஹேப்பா:
அந்தச் செடியைப் போலவே கிடந்தோம் மூன்று மாதம்.
உனக்கும் ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறான்.
தெரியாததுபோல் இரு.

*

செவ்வாய்.
ரசீதில் இடம் தீர்ந்துவிட்டது. இது வேறு தாள்.

உன் மகன் ஏழு வாரம் முந்திக்கொண்டானாம்.
தவ்ராங்கா மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள்
கையளவே இருக்கிறானாம்.
பெயர்கூட இன்னும் வைக்கவில்லையாமே.
கறக்கக் கறக்க நாலு துளிதான் என்று
நீ போனில் அழுதது
என் காதிலிருந்து இறங்கவே இல்லை.

மேலே எழுதிய எதுவும் இப்போது அவனுக்கு ஆகாது.
கம்பளி பெரிது. தைலம் வேண்டாம். கூடை காத்திருக்கட்டும்.

என் உறைபெட்டியில்
பட்டாணிப் பைக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே
நான் யாரிடமும் சொல்லாத சரக்கு கொஞ்சம் இருந்தது.
ரேவி வேண்டாம் என்று முகம் திருப்பிய விடியல்களில்
கறந்து வைத்தது.
நர்ஸ் ரத்தப் பரிசோதனைத் தாள் கேட்டாள், அனுப்பிவிட்டேன்.
கிவிப்பழப் பெட்டியில் ஒட்டும் சீட்டு
என் பையில் எப்போதும் ஒரு சுருள் கிடக்கும்.
அதில் எழுதி ஒட்டினேன்:

தயாரிப்பு: ராவினியா, ஓப்போட்டிகி.
சேர்மானம்: கஞ்சி, டோஸ்ட், ஆறின தேநீர்,
பிஸ்கட், தூக்கமின்மை.

டெஸ்மண்டுக்கு இன்று விடுமுறை.
ஐஸ் பெட்டியைச் சொந்தக் காரின் முன்சீட்டில் வைத்து
பெல்ட் போட்டுவிட்டார்.
"இருபத்தாறு வருஷம் பால் ஓட்டியிருக்கிறேன்,
இவ்வளவு மெதுவாகப் போகப்போவது இன்றைக்குத்தான்."

ஒன்பது பைகள்.
தேதி பார்,
பழையதை முதலில் எடு.