வட்டம் போடு

ஆமர் வீதியிலிருந்து பொரளை வரை
தன் த்ரீவீலின் பின்சீற்றில்
முதல் தடவையாக உட்கார்ந்து வந்தாராம்
ஹம்தானின் வாப்பா.
மடியில் ஏந்தியிருந்தார்,
மகனையல்ல, மகனின் கையை.

வண்டிக் கூரையில் ஏறியிருக்கிறான்
கம்பியில் மாட்டிய பட்டத்துக்கு.
கம்பியைத் தொடவில்லை, அதுவரை நல்லது.
விழும்போது எல்லாப் பிள்ளைகளையும் போல
தரையை நிற்பாட்டக் கை நீட்டினான்.
தரை நிற்கவில்லை.

இரவு ஒன்பதேகால்.
நோகும் இடத்தைக் கடைசியாகத் தொடு:
படித்ததில் எனக்கு மறக்காமல் நின்றது இதுதான்.
தோளில் தொடங்கினேன்.
முழங்கையைத் தாண்டி மணிக்கட்டுக்குப் போனேன்.
விரல்கள் சிவப்பு. சூடு இருக்கிறது.
நகத்தை அமுக்கி விட்டால் இரத்தம் திரும்புகிறது.
நாடி மட்டும் இல்லை.

இல்லாததைத் தேடும்போது
என் விரலின் துடிப்பே எனக்குத் தட்டுப்படும்,
ஏமாற்றும்.
விரலை மாற்றினேன். மூச்சை அடக்கினேன்.
இல்லை.

"ஹம்தான், இப்படி வட்டம் போடு"
பெருவிரலையும் சுட்டுவிரலையும் தொடுத்துக் காட்டினேன்.
அவனுடையவை நுனி மடங்காமல்
ஒன்றிலொன்று தட்டையாகச் சாய்ந்தன.
மற்றக் கையால் ஒன்று போட்டுப் பார்த்து
"இது வட்டமில்லைத்தானே" என்றான்.
இல்லைத்தான்.
ஒரு நரம்பின் பெயரை எழுதினேன்.
நேரத்தையும் எழுதினேன்.

கையை நீட்டச் சொல்லாமல்
கிடந்தபடியே படமெடுத்தார் இந்திக.
ஆறு வயது முழங்கையில் பாதி
இன்னும் எலும்பாகவே இல்லை.
குருத்துக்கு நிழல் விழாது;
எலும்புப் பொட்டுகள் ஆறில் மூன்றுதான் வந்திருந்தன,
மற்றதெல்லாம் கறுப்பு வெளி.
மேற்கை எலும்பின் முன்விளிம்பில் கோடு கீறினால்
முதல் பொட்டின் நடுவால் போகவேண்டும்.
கோடு போனது.
பொட்டு எங்கோ பின்னால் கிடந்தது.

தொலைபேசியில் பெரிய டொக்டர் கேட்டது ஒன்றே:
"கை சூடா?"
"சூடு, சேர்."
"தியேட்டருக்கு எடு. வாறன்."

சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டவர்
பேனையைத் தரவில்லை.
"அவன் ஏறல்ல டொக்டர்.
நான்தான் தூக்கி வச்சன்."
படிவத்தில் அதற்கு இடமில்லை.
பேனையை வாங்கிக்கொண்டேன்.

பிறகு எல்லாம் கைவேலை.
நான் மேலே பிடிக்க, அவர் இழுத்தார், மெல்ல,
இறுகிய மூடியைத் திறப்பவர்போலல்ல,
தூங்குபவரின் கீழிருந்து போர்வையை எடுப்பவர்போல.
பக்கம் சரிந்ததை நேராக்கி
முழங்கை முனையின் பின்னால் பெருவிரல் கொடுத்து
தள்ளியபடியே மடக்கினார்.
திரையில் கோடும் பொட்டும் சந்தித்தன.
வெளிப்பக்கத்தால் இரண்டு கம்பிகள்.

"பார்" என்றார்.
விரல் வைத்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு, பஸ் வருமுன்
தரிப்பிடத்துத் தகரம் அதிருமே,
அப்படி.
நூறு வரை எண்ணினேன்,
அவ்வளவு தேவையில்லை.

நாலாம் கிழமை கிளினிக்கில் கம்பிகளை உருவியபோது
அழுது முடித்துவிட்டு
பட்டம் கட்ட அவற்றைக் கேட்டான்.
கொடுக்க முடியாது என்றதற்குத்
திரும்பவும் அழுதான்.
வட்டம் அன்றும் தட்டைதான்.
"நரம்பு ஆறுதலாகத்தான் வரும்" என்றேன்.
வாப்பா என் முகத்தையே பார்த்தார்.
நான் காட்டைப் புரட்டினேன்.

நேற்று, மூன்றாம் மாதம்.
கதவைத் திறக்கும்போதே விரலை உயர்த்திக்கொண்டு வந்தான்.
நுனி கொஞ்சம் மடங்கியிருந்தது,
கொஞ்சம்.
அந்த ஓட்டைக்குள் கண்ணை வைத்து
என்னைப் பார்த்துச் சொன்னான்:
"வட்டம் இல்ல டொக்டர்.
மாங்கா."