வாசனை இல்லாத ரகம்

மார்ச் கடைசியில் குட்டைசிச் சந்தையிலிருந்து
ஏழு பொட்டலம் செண்டுமல்லி விதையோடு வந்தாள் லமாரா.
மேஜை விரிப்பில் நேற்றைய மக்காச்சோள ரொட்டித் துகள்.
அதைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு
சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினாள்.

வேலியோரம் பதினோரு முழம் இடம். அவ்வளவுதான்.
மீதியெல்லாம் திராட்சைப் பந்தலும் பூண்டும்.

"இது குட்டை. ஒற்றை அடுக்கு.
இதழ் ஓரத்தில் துருச் சிவப்பு.
காயவைத்து இடித்தால் குழம்புக்கு இதுதான் ருசி.
இது இடுப்பளவு வளரும், பூ கைமுட்டி அளவு.
பேருந்து நிலைய ரவுண்டானாவில் நகராட்சி நட்டிருக்குமே,
அது."

"எனக்கு அதுதான் வேண்டும்" என்றேன்.

"உனக்கா? போன வருஷம் வரைக்கும்
பூவைப் பார்த்தாலே தும்முவாய்."

உண்மை. போன வருஷம் வரைக்கும்.

ஜனவரியில் வந்த காய்ச்சல் ஒன்பதாம் நாள் இறங்கியது.
இறங்கும்போது
மூக்கையும் கூட்டிக்கொண்டு போனது.
அவளிடம் சொல்லவில்லை.
ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன்,
உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை.
பூண்டு வதங்கும்போது "ஆகா" என்பேன்,
எண்ணெயின் சத்தத்தை வைத்து.
எரிவாயு அடுப்பை இரண்டு தடவை திருகிப் பார்ப்பேன்.
அவள் சட்டைக் கழுத்தில் முகம் வைத்தால்
துணி. வெறும் துணி.

கண் மட்டும் மிச்சம்.
அதனால்தான் பெரிதாய் வேண்டும், ஆரஞ்சாய் வேண்டும்,
ஓடும் ரயிலிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி.
இதை விதைப் பேச்சில் எப்படிச் சொல்வது?
"உயரமானது நத்தைக்கு எட்டாது" என்றேன்.
சிரித்துவிட்டாள்.
"நத்தை முளையைத் தின்னும், மால்காஸ். பூவை அல்ல."

முடிவாகாமல் ஏழையும் தயிர்க் குவளைகளில் போட்டோம்,
சன்னலோரம், ஒவ்வொன்றிலும் அவள் பென்சில் எழுத்து.
ஏப்ரலில் சீப்புப் பல் இலைகள்.
ஐந்தாம் குவளையில் ஒன்றைக் கிள்ளிக் கசக்கி
என் முகத்தருகே நீட்டினாள். "எப்படி?"

"மூக்கைத் துளைக்கிறது" என்றேன்.
நம்பட்டுமே என்று கண்ணைக்கூடச் சுருக்கினேன்.

குவளையைத் திருப்பினாள்.
பென்சிலில்: வாசனை இல்லாத ரகம்.

ஈரத் துணியால் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்,
விரலில் ஒன்றும் இல்லாதபோதும்.
பிறகு, "எப்போதிலிருந்து?"
"ஜனவரி."
"புத்தாண்டு வான்கோழிக்கு முன்னாலா, பின்னாலா?"
"பின்னால்."
"நல்லவேளை" என்றாள். "அது நன்றாக வந்திருந்தது."
வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.
திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று.
வாளி காலியாகவே இருந்தது.

மே மாதம், நான் ஷிப்டு முடிந்து வருவதற்குள்
நட்டுவிட்டாள்.
பதினோரு முழத்தில் ஒன்பது முழம் ரவுண்டானா ரகம்.
சமையலறைப் படியோரம் இரண்டே முழம் குட்டை.
ஐந்தாம் குவளை பக்கத்து வீட்டு நானூலிக்கு.
எந்த மணமும் அவளுக்குத் தலைவலி.

நத்தைகள் நாலைத் தின்றன.
ஆகஸ்டில் ஆலங்கட்டி மழை, இரண்டு தண்டு முறிந்தது.
மற்றவை நிற்கின்றன
வெட்கமில்லாத ஆரஞ்சில்.
தபால்காரர் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்,
இங்கே என்ன, பேருந்து நிற்குமா?

செப்டம்பரில் குட்டையின் இதழ்களைச்
செய்தித்தாளில் உலர்த்தி உரலில் போட்டாள்.
கொத்தமல்லி விதை, பூண்டு, உப்பு.
அக்ரூட் விழுதின் சாம்பல் நிறம்
மெல்ல மஞ்சளுக்கு மாறியதை நான் பார்த்தேன்.
இடித்துக்கொண்டே, என்னைப் பாராமல், சொன்னாள்:

"இப்போது வைக்கோல்.
அதற்கு அடியில் ஆரஞ்சுத் தோல்.
அப்புறம் மருந்துக்கடைக் கதவைத் திறந்த மாதிரி ஒன்று.
பூண்டு வந்தால் அது ஒளிந்துகொள்ளும், இரு,
இதோ, ஒளிந்துகொண்டது."

அடுத்த வருஷம் மூன்று முழம் கேட்பாள்.
கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.