மூடி

கானாடுகாத்தான் விலக்கு தாண்டியதும் வாசனை.
"யாரோ பணியாரம் சுடுறாங்க" என்றாள் ஜெசிந்தா.
எண்ணெய்தான்.
அடுப்பு மட்டும் எங்கள் பொலிரோவுக்குள் இருந்தது.

புளியமரத்தடியில் ஒதுக்கிப் பானட்டைத் தூக்கினேன்.
என்ஜின் மேலெல்லாம் கறுத்த வியர்வை,
பானட்டின் அடிவயிற்றில் பொரிப்பொரியாய்த் தெறிப்பு,
சைலன்சர் பக்கம் நீலப் புகை.
எண்ணெய் ஊற்றும் வாய்
பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்த பிள்ளைபோல்
'ஆ'வென்று கிடந்தது.

மூடியைக் காணோம்.

நேற்று சர்வீஸ் பார்த்தது சிக்கந்தர்.
போன் போட்டேன். பேசினேன்.
என்னென்ன பேசினேன் என்று இங்கே எழுத மாட்டேன்.
ஜெசிந்தா கொஞ்சம் தள்ளிப் போய்
கிலோமீட்டர் கல்லைப் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவன் சொன்னான்:
"என்ஜின் ஆஃப்தானே? அஞ்சு நிமிஷம் ஆறட்டும்.
குச்சியை உருவித் துடைங்க.
திரும்ப விட்டு, திரும்ப எடுங்க.
எந்தக் கோட்டுல நிக்குது?"
கீழ்க்கோட்டுக்கு ஒரு நூல் மேலே.
"அப்ப என்ஜினுக்கு ஒண்ணும் ஆகலை.
துணி வச்சு அடைக்காதீங்க, நூல் உள்ள இறங்கும்.
பிளாஸ்டிக் உருகும்.
டியூப் துண்டு கிடைச்சா வாயைக் கட்டி
மெதுவா காரைக்குடி போயிருங்க."

பஞ்சர் கடை வரை நடந்தது ஜெசிந்தா.
சைக்கிள் டியூபில் ஒரு சாண் துண்டு,
கட்டுக்கம்பி இரண்டு முழம்.
உப்புக்கண்டப் பானைக்கு வேடு கட்டுவதுபோல்
அவளே கட்டினாள்.
நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

செக்காலை ரோட்டில் ஸ்பேர்ஸ் கடை.
கல்லாவில் வயிரவன், தலை நிமிராமல்:
"மரையா, லாக்கா?"

பதினோரு வருஷம் ஓட்டுகிறேன்.
எத்தனை தரம் அந்த வாயில் ஊற்றியிருப்பேன்.
மரையா, லாக்கா?
உள்ளங்கை மூடிய கணக்கில் வெறுமனே திரும்பிப் பார்த்தது,
ஞாபகம் வரவில்லை.

முதல் மூடி பெரிசு.
இரண்டாவது உட்கார்ந்தது,
சொன்ன பேச்சுக் கேட்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.
மூன்றாவது, கால் சுற்றில்
'டக்'.
"வாஷர்ல ஒரு சொட்டு எண்ணெய் தடவிப் போடுங்க.
ஸ்பேனர் காட்டிராதீங்க, கைப்பலம் போதும்.
நூத்தி எண்பது."
அரை லிட்டர் எண்ணெய்க்குத் தனிப் பில்.

குன்றக்குடி தாண்டி, நாங்கள் வண்டல் அளக்கும் கண்மாய்.
தண்ணீர் வற்றி, தரை பாளம் பாளமாய்.
கரையிறக்கத்தில் ஃபோர் வீல் லிவரைத் தள்ளினேன்.
நாலு சக்கரமும் மண்ணைக் கவ்வ
வண்டி ஒருமுறை குதித்தது.
அடியில் ஏதோ கழன்று விழுந்த சத்தம்.

ஜெசிந்தா குனிந்து எடுத்தாள்.
கறுப்பாய், வட்டமாய், எண்ணெய் பூசிய செம்மண்ணோடு.
இத்தனை தூரமும்
கியர் பாக்ஸ் மேல் உட்கார்ந்து
டிக்கெட் இல்லாமல் வந்திருக்கிறது.

அப்போதுதான்
காலையில் திருமயம் டீக்கடை வாசல் வந்தது எனக்கு.
சிக்கந்தர் சரியாகத்தான் ஊற்றினானா பார்ப்போம் என்று
திறந்தவன் நான்.
பேட்டரி ஓரத்தில் மூடியை வைத்தவன் நான்.
"டீ ஆறுது சார்" என்ற குரலுக்குத்
திரும்பியவனும்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
வாஷரை நகத்தால் நெம்பினாள்.
காய்ந்த கடலைத்தோல்போல் இரண்டாய்ப் போயிற்று.
"எப்படியும் மாத்த வேண்டியதுதான் சார்."
அது ஆறுதலா, இல்லையா,
அவள் முகத்தில் தெரியவில்லை.

பிறகு மண் மாதிரி எடுக்கும் பை ஒன்றில் போட்டு
மார்க்கரால் எழுதினாள்:
மாதிரி எண் பதினைந்து.
இடம்: கண்மாய், வடக்கு மடை.
ஆழம்: தெரியவில்லை.
எடுத்தவர்: ஜெசிந்தா.
வைத்தவர்:
அந்த இடத்தை விட்டுவிட்டு
மார்க்கரை என்னிடம் நீட்டினாள்.

பை இன்னும் டேஷ்போர்டில் இருக்கிறது.
சாயங்காலம் சிக்கந்தர் இரண்டு தரம் கூப்பிட்டான்,
மூடி கிடைத்ததா என்று கேட்கத்தான் இருக்கும்.
நான்
டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, திரும்ப விட்டு
திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன்.
மேல்கோட்டில் சரியாக நின்றது எண்ணெய்.